கடல் தெரியும் மலை

அப்புத்தளைக்கு மேலே, வானம் துடைத்துவிட்டாற்போல் தெளிந்திருக்கும் காலைகளில், தெற்கே வெகு தொலைவில் வெளிறிய கோடு ஒன்று தெரியும். முகில் என்று நினைத்துக் கடந்து போய்விடலாம். சற்று நின்று பார்த்தால் அது அசையாமல் ஒரே இடத்தில் இருப்பது புலப்படும். அதுதான் கடல்.

2025 ஆகஸ்டில் நானும் என் மனைவியும் நான்கு நாள் பயணமாகப் பதுளையிலிருந்து புறப்பட்டபோது முதல் தரிப்பிடம் அந்த மலைதான். லிப்டன் இருக்கைக்கு நாங்கள் போகவில்லை. தோமஸ் லிப்டன் அமர்ந்து தன் தேயிலை மலைகளைப் பார்வையிட்ட இடம் என்பதற்காக அங்கே எப்போதும் கூட்டம். அதற்கு முன்பாகவே ஒரு திருப்பத்தில் வாகனத்தை நிறுத்தினோம். கீழே பத்துப் பன்னிரண்டு பெண்கள் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தார்கள். மேல் நிரையில் நின்ற, வயது ஐம்பதைத் தாண்டிய ஒருவர், நாங்கள் கண்களைச் சுருக்கித் தேடுவதைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே கையை நீட்டினார்.

"அந்தா, அந்த ரெண்டு மலைக்கு நடுவுல பாருங்க. வெள்ளையா கெடக்குதே, அதுதாங்க கடலு."

என் மனைவி கேட்டாள்: "நீங்க போயிருக்கீங்களாம்மா?"

"எங்கிட்டுங்க போறது? அதான் தெனமும் பாக்குறோமே."

முப்பத்தொரு வருடமாக அந்த மலையில் பேர் போடுகிறவர் அவர். வெள்ளைக்காரர்கள் வந்து எங்கே, எங்கே என்று சைகையில் கேட்பார்களாம், இவர் கையைக் காட்டுவாராம். கடலுக்கு வழிகாட்டி முப்பத்தொரு வருடம். கால் நனைத்தது ஒரு நாளும் இல்லை. அவர் இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை என்பதையும் எழுத வேண்டும். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். குறையாகப் பட்டது எங்களுக்குத்தான்.

பத்திரிகையில் வேலை செய்த இத்தனை ஆண்டுகளில் வாரப் பதிப்புகளுக்காக நான் எத்தனையோ பயணக் கட்டுரைகளைத் திருத்தியிருக்கிறேன், சிலவற்றை நானே எழுதியும் இருக்கிறேன். புதுமணத் தம்பதியர் தீவைச் சுற்றிக் கரையோரமாகக் காரில் போவது, ஓய்வு பெற்றவர்கள் ஆறுதலாக நுவரெலியா போவது, வெளிநாட்டு இணை ஒன்று முச்சக்கரவண்டியை வாடகைக்கு எடுத்துத் தாமே ஓட்டிக்கொண்டு அறுகம்பையிலிருந்து எல்ல வரைக்கும் ஏறி வருவது. இவை எல்லாவற்றிலும் தேயிலைத் தோட்டம் வரும். கூடை சுமந்த பெண் வருவார், பெரும்பாலும் படத்தில். அவர் எங்காவது போவதாக ஒரு வரி வந்ததில்லை. மலையையும் ரயிலையும் போல அவரும் அங்கேயே இருப்பவர். மற்றவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். இந்த ஒழுங்கில் ஏதோ கோணல் இருக்கிறது என்று எனக்கு அன்று வரை தோன்றாததை என்னவென்று சொல்வது?

அவர் ஏன் போகவில்லை என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை, கணக்குப் போதும். நாங்கள் அவரைச் சந்தித்தபோது அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா. கணவன், மனைவி இருவரும் பேர் போடும் குடும்பம் என்றால் நான்கு நாளைக்கு இழப்பது 10,800 ரூபா. இது வீட்டை விட்டு இறங்குவதற்கு முன்பே கையை விட்டுப் போகும் பணம். பஸ் கட்டணமும் சாப்பாடும் தங்குமிடமும் அதற்குப் பிறகு. பின்னர் 2026ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில் நாட்சம்பளத்தை 1750 ரூபாவாக உயர்த்தும் அறிவிப்பு வந்தது. அதில் 200 ரூபா வருகைக்கான ஊக்குவிப்பு. வந்தால் கிடைக்கும், வராவிட்டால் இல்லை. உயர்வு நல்லதுதான், வேண்டாம் என்று யார் சொல்வார்? ஆனால் அதன் உள்ளமைப்பைப் பாருங்கள்: வீட்டில் இருக்கும் நாளின் விலையும் கூடவே ஏறிவிட்டது. சம்பளத்துடன் கூடிய விடுமுறை தோட்டத் தொழிலாளருக்கு இல்லாமல் இல்லை. முன்னைய ஆண்டில் எத்தனை நாள் பேர் போட்டார் என்பதைக் கொண்டு அது கணக்கிடப்படுகிறது. அந்த நாட்கள் காய்ச்சலுக்கும் சாவுக்கும் பிள்ளையின் பாடசாலைக் காரியத்துக்கும் போக மிஞ்சுவது அபூர்வம்.

தோட்ட மக்கள் பயணமே போவதில்லை என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். கதிர்காமத்துக்குப் போகிறார்கள், முன்னேஸ்வரத்துக்கும் மடுவுக்கும் போகிறார்கள். மாதம் மாதம் காசு சேர்த்து, ஒரு பஸ்ஸை வாடகைக்குப் பேசி, லயத்துக்கு இத்தனை பேர் என்று போய்வருகிறார்கள். கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் இளைஞர்கள் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் காலிமுகத்திடலில் நின்று கடலைப் பார்த்துத்தான் இருக்கிறார்கள். நான் சொல்வது வேறு. நேர்த்தியும் அவசரமும் இல்லாமல், கணவனும் மனைவியுமாக, நினைத்த இடத்தில் நின்று நினைத்தபோது எழுந்து போகும் ஒரு பயணம். சும்மா போவது. இந்தச் சும்மா என்ற சொல்லுக்குத்தான் தோட்டத்தில் இடமில்லை. சும்மா இருப்பவருக்குப் பேர் விழாது.

இந்தச் சமூகத்துக்குக் கடலோடு உறவே இல்லாமல் இருந்திருந்தால் இதில் வியப்பில்லை. ஆனால் இவர்கள் கடல் வழியாக வந்தவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாக்குநீரிணையைத் தாண்டி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதையில் மாத்தளை வரை நடந்து, அங்கிருந்து மலைமலையாகப் பிரிந்து போனவர்கள். வழியில் விழுந்தவர்கள் வழியிலேயே கிடந்தார்கள். அடுத்த முறை அவர்களில் பெருந்தொகையினர் கடலைப் பார்த்தது நாட்டைவிட்டு அனுப்பப்பட்டபோது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 300,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கிட்டது. பங்கிடாமல் விட்ட 150,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். பதுளையில் ரயில் ஏறினால் தலைமன்னார். அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். அந்த ரயிலுக்கு மலையகம் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. பதுளை நிலையத்தின் மேடையில் ஒரு பெட்டியின் ஜன்னலுக்கு உள்ளேயும் வெளியேயுமாகக் கைகளைப் பிடித்துக்கொண்டு இரண்டு பெண்கள் அழுததைச் சிறுவனாக நான் பார்த்திருக்கிறேன். ரயில் அசைந்த பிறகும் கை விடவில்லை. யாரோ ஓடிவந்து பிரித்துவிட்டார்கள். 1984இல் போர் காரணமாகக் கப்பல் நின்றுபோனது. ஆக, ஊவாத் தோட்டத்துத் தம்பதியர் பல்லாயிரவர் சேர்ந்து மேற்கொண்ட ஒரே கடற்கரைப் பயணம் திரும்பி வராத பயணம்.

அன்று நாங்கள் அப்புத்தளையிலிருந்து பெரகலைக்கு இறங்கி, கொஸ்லாந்தை வழியாக வெல்லவாய போனோம். தியலும நீர்வீழ்ச்சி 220 மீற்றர் உயரத்திலிருந்து நூல் போல் விழுகிறது. படம் எடுக்காமல் யாரும் அந்த இடத்தைக் கடப்பதில்லை, நாங்களும் எடுத்தோம். அதற்குச் சற்று முன்னால் கொஸ்லாந்தைக்கு மேலே உள்ள மீரியபெத்தைக்கு யாரும் வாகனத்தை நிறுத்துவதில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பிள்ளைகள் பாடசாலைக்குப் போன நேரம், மலை சரிந்து லயங்களை மூடியது. மாலையில் திரும்பிய பிள்ளைகளில் சிலருக்கு வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று பல ஆண்டுகளுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. போ என்று சொன்னவர்கள் எங்கே போவது என்பதைக் கையில் கொடுக்கவில்லை.

மொனராகலையைத் தாண்டியதும் காற்று மாறிவிடுகிறது. சியம்பலாண்டுவையில் இளநீர் குடித்தோம். லகுகலையில் வீதியோரக் குளத்தில் யானைகள் நின்றன. போர்க்காலத்தில் இந்த வீதியில் நான் செய்தியாளனாக வந்திருக்கிறேன், அப்போது யானையைப் பார்க்கத் தோன்றியதில்லை, அடுத்த சோதனைச் சாவடி எவ்வளவு தூரம் என்பதுதான் மனதில் இருக்கும். பொத்துவிலுக்கு மாலை நான்கு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அறுகம்பையைப் பற்றி நான் புதிதாக எழுத ஒன்றுமில்லை. அலைச்சறுக்குப் பலகைகளோடு உலகம் முழுவதிலுமிருந்து வந்த இளைஞர்கள், அவர்களுக்காகத் திறந்த கடைகள், இரவெல்லாம் பாட்டு. நாங்கள் ஊரின் ஒதுக்குப்புறத்தில் தங்கி, விடியற்காலையில் தோணிகள் கரையேறும் இடத்துக்குப் போனோம். என் மனைவி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் நடந்தாள். முப்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் அவள் ஒரு மணி நேரம் எதையும் செய்யாமல் நடந்ததை நான் பார்த்ததில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகவும் இருக்கிறது.

அங்கிருந்து வடக்கே திருக்கோவில், அக்கரைப்பற்று, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, கல்முனை என்று ஊருக்கு ஊர் தொட்டுக்கொண்டு போகும் வீதி இலங்கையிலேயே எனக்குப் பிடித்தமானது. ஒரு புறம் கடல், மறுபுறம் வயல். கோயில் மணியும் பாங்கொலியும் அடுத்தடுத்துக் கேட்கும். ஒலுவிலில் துறைமுகம் கட்டியதன் பின் கரையைக் கடல் தின்றுகொண்டிருக்கிறது, அதை ஒரு மீனவர் விரலால் காட்டினார்: தென்னை நின்ற இடம் இப்போது அலை. விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவில் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தோம். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களைக் கொண்டுபோனது இந்த அம்பாறை மாவட்டத்தில்தான். இங்குள்ளவர்களுக்குக் கடல் காட்சிப்பொருள் அல்ல. பதுளையிலிருந்து கடல் பார்க்க வந்தோம் என்று நாங்கள் சொன்னதும் கடைக்காரர், "நாங்க பள்ளிக்கூட விடுமுறைக்கு உங்கட பக்கம்தான் வாறது, குளிருக்கு" என்றார். மலை பார்க்கக் கடலோரத்தார் வருகிறார்கள், கடல் பார்க்க மலையிலிருந்து நாங்கள் போகிறோம். நியாயமான கொடுக்கல் வாங்கல். இந்தக் கொடுக்கல் வாங்கலில் லயத்தில் இருப்பவர் மட்டும் இல்லை.

மட்டக்களப்பில் ஓர் இரவு. அடுத்த நாள் செங்கலடியில் திரும்பி, மஹாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை வழியாகப் பதுளைக்கு வரும் வீதியைப் பிடித்தோம். செங்கலடிக்கு அருகில் வழி கேட்க நின்ற ஒரு வீட்டில், பதுளை என்றதும் எங்களை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். அந்த வீட்டுப் பெரியவர் மடுல்சீமைப் பக்கத்தில் பிறந்தவராம். 1977 கலவரத்தின் பிறகு பெற்றோர் இதே வீதியால் மூட்டை முடிச்சோடு இறங்கி வந்தார்களாம். 1983 ஜூலையில் பதுளை நகரம் எரிந்தபோது வேறு சிலர் வந்து சேர்ந்தார்களாம். "இப்ப தோட்டத்துல தேயில இருக்குங்களா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். நாற்பத்தெட்டு வருடத்தில் அவர் ஒருமுறைகூட மேலே திரும்பிப் போகவில்லை. பேச்சில் இன்னும் தோட்டத்து 'ங்க' இருந்தது.

பசறைக்கு அண்மையில் 13ஆம் கட்டை என்ற இடத்தில் நாங்கள் மெதுவாக்கினோம். 2021 மார்ச் 20ஆம் திகதி காலை, லுணுகலையிலிருந்து கொழும்பு நோக்கிப் புறப்பட்ட தனியார் பஸ் அங்கே பள்ளத்தில் விழுந்தது. பதினான்கு பேர் இறந்தார்கள். மலையிலிருந்து உருண்டு விழுந்த பாறை ஒன்று வீதியின் ஒரு பக்கத்தை அடைத்துக்கொண்டு கிடந்ததும், அதை உரிய காலத்தில் அகற்றாததும் அப்போது எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தன. நாங்கள் ஊர் திரும்பிச் சில நாட்களில், செப்டம்பர் 4ஆம் திகதி இரவு, எல்ல–வெல்லவாய வீதியில் இன்னொரு பஸ். தங்காலை நகரசபை ஊழியர்களும் அவர்களுடைய குடும்பத்தவரும் மலைநாட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கடலோரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பதினைந்து பேர் இறந்தார்கள். உழைத்துக் களைத்தவர்கள் சேர்ந்து போன உல்லாசப் பயணம் அது. வெளிநாட்டவர் படம் எடுக்கும் அதே வளைவுகளில் இந்நாட்டுத் தொழிலாளி உயிரைப் பணயம் வைத்துத்தான் போக வேண்டியிருக்கிறது. காட்சிமுனைக்குச் செலவிடுவதற்கு முன் வளைவுக்குத் தடுப்பு வேலி போடுங்கள் என்று எத்தனை முறை எழுதுவது? எழுதிவிட்டேன், மறுபடியும் எழுதுகிறேன்.

இந்தப் பயணத்தைப் பற்றி நண்பர் ஒருவரிடம் சொன்னபோது அவர் கோபப்பட்டார். தொழிற்சங்கத்தில் பல காலம் இருந்தவர். "வீடு இல்லை, காணி இல்லை, நீங்கள் கடற்கரைக்குக் கூட்டிப்போவது பற்றிப் பேசுகிறீர்களா?" என்றார். அவரது கேள்வியை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். அதிலும், அவர் கேட்ட மூன்று மாதத்தில், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. நாடு முழுவதும் 600க்கு மேற்பட்டோர் இறந்தனர். மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. மண் சரிந்து லயங்கள் புதைந்தன, வீதிகள் அறுந்தன, ரயில் பாதை பல இடங்களில் அந்தரத்தில் தொங்கியது. அந்த நாட்களில் கடற்கரையைப் பற்றி எழுத எனக்கும் கை வரவில்லை.

ஆனாலும் நண்பரோடு நான் உடன்படவில்லை. வீடு கிடைத்த பிறகு ஓய்வு, காணி கிடைத்த பிறகு களிப்பு என்று வரிசை வைத்தால், இந்த மக்களின் முறை எந்தத் தலைமுறையில் வரும்? உழைப்பவருக்கு ஓய்வும் ஊதியத்துடன் கூடிய விடுமுறையும் உரிமை என்று உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 24ஆம் உறுப்புரை சொல்கிறது. அது ஏற்கப்பட்டது 1948 டிசம்பர் 10ஆம் திகதி. அதற்கு இருபத்தைந்து நாட்களுக்கு முன்னர்தான், நவம்பர் 15ஆம் திகதி, இலங்கையில் பிரசாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்து தோட்ட மக்களை நாடற்றவர்களாக்கியது. (இலங்கை அப்போது ஐக்கிய நாடுகள் சபையில் உறுப்பு நாடு அல்ல, 1955இல்தான் சேர்ந்தது. அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள விரும்புபவர்கள் தப்பித்துக்கொள்ளலாம்.) 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடு பிரசாவுரிமைப் பிரச்சினை ஒருவாறு தீர்ந்தது. தீராதது இந்த மனப்பாங்கு: தோட்டத்து ஆள் என்றால் உழைக்கும் கை, அதற்குமேல் கொடுப்பதெல்லாம் சலுகை.

இரண்டாவதாக, சுற்றுலாவும் காணியும் வேறு வேறு விடயங்கள் அல்ல. ஊவாவில் சுற்றுலா விற்பது எதை? ஒன்பது வளைவுப் பாலத்தையும் தெமோதரை ரயில் சுழலையும் தேயிலைச் சரிவையும். துரைமார் இருந்த பழைய பங்களாக்கள் விடுதிகளாகி, ஓர் இரவுக்குத் தொழிலாளியின் பல நாட்சம்பளத்தைக் கட்டணமாக வாங்குகின்றன. அந்தப் பங்களாவிலிருந்து தெரியும் அதே கடல் லயத்துக் காம்பராவின் வாசலிலிருந்தும் தெரிகிறது. தன் பெயரில் ஏழு பேர்ச் காணியும் அதற்கு உறுதியும் இருந்தால், வீதியோரத்தில் இரண்டு அறை கட்டி, ரொட்டியும் கட்டைச் சம்பலும் சாயத்தண்ணியும் கொடுத்து விருந்தினரைத் தங்கவைக்கத் தெரியாதவர்களா எங்கள் பெண்கள்? நிலம் 1992இல் கம்பனிகளின் கைக்குப் போய், பின்னர் 53 வருடக் குத்தகையானது. அதில் நான்கு தலைமுறை வாழ்ந்தவருக்கு ஒரு தேநீர்க் கடை போடக்கூட அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. நண்பர் கேட்கும் காணியைத்தான் நானும் கேட்கிறேன். அவர் ஒதுங்க இடம் வேண்டும் என்று கேட்கிறார். நான், கதவைப் பூட்டிவிட்டு நான்கு நாள் வெளியே போய்வரக்கூடிய ஓர் இடம் என்று கேட்கிறேன்.

ஊர் திரும்பிப் பதினைந்து நாள் கழித்து அந்த அம்மாவைப் பார்க்கப் போனோம். கல்முனையில் வாங்கிய கருவாட்டுப் பொதி ஒன்று கொண்டுபோயிருந்தாள் என் மனைவி. அவர் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, "இதுதான் கடல் வாசமா?" என்று சிரித்தார். பிறகு கேட்டார்: "இங்கேருந்து பாத்தா அப்படியே கெடக்குதேம்மா, கிட்டப் போனா அசையுமா?"

அசையும் என்றாள் என் மனைவி. ராத்திரியில்கூட ஓயாது என்றாள். தைப்பொங்கல் முடிந்ததும் அவரையும் அவர் கணவரையும் எங்கள் வாகனத்திலேயே பொத்துவிலுக்குக் கூட்டிப்போவதாகப் பேசிக்கொண்டார்கள். அதற்குள் புயல் வந்துவிட்டது. அவர்களுடைய லயத்துக்குப் பின்னால் மண் வெடித்து, இரண்டு வாரம் பாடசாலையில் தங்கியிருந்தார்கள். ஜனவரியில் போனபோது லயத்துக்குத் திரும்பியிருந்தார்கள், சுவரில் வெடிப்பு அப்படியே இருந்தது. என் மனைவி பயணத்தை நினைவுபடுத்தினாள். மாசி மாதம் போகலாமா என்று கேட்டாள்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "நாலு நாளுங்களா?" என்றார். "கங்காணிகிட்டக் கேட்டுட்டுச் சொல்றேன்."

இன்னும் பதில் வரவில்லை.